தெரிந்த குரல்

பௌர்ணமிப் போயா லீவு என்பதால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் புள்ளக்காம்பரா பூட்டியிருந்தது. மழை சற்று விட்ட நேரம் பார்த்து, பெற்றீசியா இரண்டு கம்பளிகளை வாளிக்குள் திணித்து எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கு இறங்கினாள். வட்டவளையில் ஆனி மாதத்தில் கம்பளி துவைக்கிறவர்களுக்கு மறை கழன்றிருக்க வேண்டும். துவைத்தால் வெயிலில் காயாது, அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைக்க வேண்டும், காய்ந்தால் புகை மணக்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

பீலியடியில் ஷிராணி இருந்தாள். பிளாஸ்டிக் கூடையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் கால் நனையாமல் கல்லின் மேல் குந்தியிருந்தாள்.

“என்னாக்கா, இந்த மழையில கம்பளியா?”

“அவரு கேட்டாரு. செவுத்துல தொங்கவிடணுமாம்.”

“ஏன், செவுத்துக்கு குளிருதாமா?”

பெற்றீசியாவுக்கும் சிரிப்பு வந்தது. கம்பளியைக் கல்லில் போட்டு மிதித்தாள். மூன்று வருடத்துத் தூசி கறுப்பாக வழிந்தது.

“புதுசா ஸ்பீக்கர் ரெண்டு கொண்டாந்துருக்காரு. சத்தம் செவுத்துல பட்டு திரும்பி வருதாம். அதுக்கு செவுத்துக்கு போர்த்திவிடணுமாம்.”

“ஒங்க வீட்டு செவுத்துக்கு வந்த யோகம் எங்க வீட்டு ஆளுகளுக்கு இல்ல.” ஷிராணி கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்: “கஸ்பர் மாஸ்டர் ஒங்கள கேட்டுக்கிட்டே இருக்காருக்கா. நான் பத்தாந் தேதி டுபாய்க்கி ஏறிருவேன். திருவிழாவுக்கு தனியா பாட ஆள் வேணும்ல. ஞாயித்துக்கெழம பூசைக்கி முந்தி ஒரு வார்த்த சொல்லிருங்கன்னாரு.”

“வேற யாரையாச்சும் பாக்க சொல்லு.”

“யாரு இருக்கா? பிலோமினாவா? அவ மூக்கால பாடுறதுக்கு அந்தோனியாரே எறங்கி நடந்துருவாரு.”

“நான் பாடுனா ஓடிருவாரு,” என்றாள் பெற்றீசியா. அதைச் சிரிக்காமல் சொன்னாள். ஷிராணி வேறு எதுவும் கேட்காமல் மேட்டில் ஏறிப்போனாள்.

பெற்றீசியாவுக்கு நாற்பத்தாறு வயது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் விட்டுப் போகும் பதினான்கு பிள்ளைகளைப் பின்னேரம் வரை புள்ளக்காம்பராவில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயிலில் தனியாகப் பாடுகிறவள் அவள்தான். கஸ்பர் மாஸ்டர் ஹார்மோனியத்தில் கையை வைத்துவிட்டு அவள் பக்கம்தான் திரும்புவார். அது ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை.

அந்த வருடம் அந்தோனியார் திருவிழாவுக்காக மாஸ்டர் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினார். நவநாள் ஒன்பதும் காலையில் கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில் அதைப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவள் புருசன் மேர்வின், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எலெக்ட்ரிசியன். வேலை முடிந்த நேரங்களில் கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவதும் அவர்தான். பெண்சாதி பாட, அவரே மைக் வைத்துப் பதிந்து, பழைய கொம்பியூட்டரில் போட்டுச் சரிசெய்தும் கொடுத்தார். பாட்டு குழாயில் ஏறியது. தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. மலையில் நின்ற பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள் என்று சொன்னார்கள்.

பிறகு யாரோ அதைப் போனில் ஏற்றிவிட்டார்கள். ஒரு நாள் ஹட்டன் பஸ்ஸில், பின் சீட்டில் ஒரு பிள்ளையின் போனிலிருந்து தன் பாட்டு வருவதைப் பெற்றீசியா கேட்டாள். முதலில் அது தான்தான் என்றே விளங்கவில்லை. விளங்கிய நேரத்தில் பக்கத்துப் பிள்ளை சொன்னாள்: “ஐயோ நிப்பாட்டுடி, தகரப் பேணிய சொரண்டுற மாரி இருக்கு.” இருவரும் சிரித்தார்கள். பெற்றீசியா காதைக் கொடுத்துக் கேட்டாள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அடித்தொண்டையே இல்லாமல், மூக்கும் பல்லும் மட்டும் பாடுவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மேர்வினைக் கேட்டாள். “எங்கொரல் அப்புடியாங்க இருக்கு?”

மேர்வின் ஏதோ வயரை உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “நம்ம கொரல் நமக்கு அப்புடித்தான் இருக்கும். மைக்கு பொய் சொல்லாது புள்ள.”

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவள் பாட்டுக்குழுவின் பின்வரிசைக்குப் போனாள். அதற்கடுத்த வருடம் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்தாள். அதற்குப் பிறகு மற்றப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். புள்ளக்காம்பராவில் மட்டும் மத்தியானம் பாடுவாள். அங்கே கேட்கிறவர்களுக்கு மூன்று வயதுக்குமேல் இல்லை.

*

ஸ்பீக்கர் இரண்டும் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன. கந்தப்பளையில் பிறந்து கொழும்பில் பாட்டுப் பதியும் ஸ்டூடியோவில் வேலை செய்கிற மதுரன் மேர்வினுக்கு வெகுநாள் பழக்கம். ஸ்டூடியோவில் புதியது வாங்கியதும் பழையதை அவருக்கே தந்துவிட்டான். ஒவ்வொன்றும் அரிசிப் பெட்டி அளவு. கறுப்பு. தூக்கினால் கல் மாதிரி கனம்.

முதல் நாளே மேர்வின் ஒரு காரியம் செய்யப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கத்தில், குழாய்க்குப் போடுகிற அம்ப்ளிபயரிலிருந்து இரண்டு வயரை இழுத்து ஸ்பீக்கரின் முதுகில் எங்கே கொடுப்பது என்று தேடினார். இடம் கிடைக்காமல் மதுரனுக்குப் போன் போட்டார். மதுரன் போட்ட சத்தம் குசினியில் அடுப்படியில் நின்ற பெற்றீசியாவுக்கே கேட்டது.

“அண்ணே, அண்ணே, கைய எடுங்க! அம்ப்ளிபயர் அதுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா கரண்ட் குடுக்கணும். கொம்பியூட்டர்ல இருந்து வாற வயர மட்டும் குத்துங்க. ஒங்க அம்ப்ளிபயர குத்துனீங்கன்னா பொகதான் வரும்.”

“அப்ப இது தானே கொதிச்சி தானே எறங்குற பானையா?” என்றார் மேர்வின்.

“அப்புடித்தான் வச்சிக்கங்க.”

அன்று முதல் அவற்றை முன்காம்பராவில் எங்கே வைப்பது என்பதே வீட்டின் பேச்சாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே மேசை போட்டார். அலுமாரி குசினி வாசலுக்குப் போனது. சுவருக்கு ஒட்டி வைக்காதீங்க, அடிச்சத்தம் ஊதிப்போகும் என்று மதுரன் சொன்னதால், மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினார். தள்ளியதில் நடக்க இடமில்லை. பெற்றீசியா இரண்டு நாளாகப் பக்கவாட்டில் திரும்பித்தான் குசினிக்குப் போய்வந்தாள்.

சனிக்கிழமை கம்பளிகள் காய்ந்துவிட்டன. சொன்னபடியே புகை மணத்தன. அரை நாள் வேலை முடிந்து பெற்றீசியா வந்தபோது மேர்வின் கையில் நூலோடு நின்றார்.

“இந்த நுனிய பிடி. இந்த பெட்டிக்கும் அந்த பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்துல என் தலை இருக்கணும். மூணு பக்கமும் ஒரே நீளம்.”

அவள் பிடித்தாள். நாற்காலி முன்னும் பின்னும் நகர்ந்தது. பெட்டியின் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காதுக்கு நேராக வர வேண்டுமாம். அவர் உட்கார்ந்து பார்த்தார். நெஞ்சுக்கு வந்தது. பெட்டிகளுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து, செங்கலுக்கு மேல் பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் போட்டார்.

“அது என் செருப்பு,” என்றாள் பெற்றீசியா.

“அறுந்ததுதானே.”

“ஒண்ணுதான் அறுந்துச்சு.”

பிறகு கண்ணாடி. அவர் நாற்காலியில் அசையாமல் இருக்க, அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் அவருக்குக் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, சத்தம் சுவரில் பட்டு அவர் காதுக்குத் திரும்புகிற இடம் அதுதான். அங்கே கம்பளி. “இன்னும்... இன்னும்... நிப்பாட்டு.” அவள் கரியால் கோடு போட்டாள். மறு பக்கமும் அப்படியே. ஆணி அடித்துக் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். கையைத் தட்டச் சொன்னார். தட்டினாள். முன்பு ‘டங்’ என்று திரும்பிய காம்பரா இப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்தில் தட்டியது போல இருந்தது.

“பாத்தியா?” என்றார் மேர்வின். ஐம்பது வயது ஆளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கொட்டுகிற மழையில் எதையும் கேட்க முடியாது. இருவரும் பிளேன்டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தார்கள். மூன்று மணிபோல மழை விட்டதும், மதுரன் அனுப்பியிருந்த சத்தத்தைப் போட்டார். அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறுகிற ஒரே ஊளை. அது ஏறுகிறபோது வீட்டில் எது எது நடுங்குகிறதோ அதைப் பிடித்து அடக்க வேண்டும். முதலில் அலுமாரிக் கதவு நடுங்கியது. மடித்த கடதாசி வைத்தார்கள். பிறகு சுவரில் இருந்த திருஇருதயப் படத்தின் கண்ணாடி கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“அத கழத்தி வைப்பமா?” என்றார்.

“ஆண்டவர எறக்கிட்டு ஒங்க பெட்டிய ஏத்த போறீங்களா?”

படத்தின் முதுகில் பஞ்சு வைத்தார்கள்.

லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. சுவர் பாதிக்குமேல் இல்லை, அதற்கு மேலே பலகை மட்டும்தான். ஊளை அடிச்சத்தத்தில் நின்ற நேரம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது. “என்னா மேர்வின் தம்பி, காம்பராவுக்குள்ள லொறி ஏத்துறீங்களா?”

“இந்தா முடிஞ்சிருச்சுக்கா!”

முடியவில்லை. மேர்வின் மறுபடி மதுரனுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“முதுகுல சின்ன சுவிட்ச் ரெண்டு இருக்கு மதுரன். ஒண்ணு அடிச்சத்தத்துக்கு, ஒண்ணு மேல் சத்தத்துக்கு. எத எங்க வைக்கிறது?”

“அத நான் சொல்ல முடியாதுண்ணே. காம்பராவுக்கு காம்பரா மாறும். ஒரு வழி இருக்கு. ஒங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு ஆளோட கொரல், ஒண்ணுமே கை வைக்காம பதிஞ்சது, இருக்கா? அத போடுங்க. அதே ஆள பெட்டிக்கி பக்கத்துல நிப்பாட்டி பேச சொல்லுங்க. பெட்டியில வாறதும் வாயில வாறதும் ஒண்ணா கேக்குற வரைக்கும் சுவிட்ச மாத்துங்க.”

போன் வைத்த பிறகு மேர்வின் கொம்பியூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெற்றீசியாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

“அத போடாதீங்க.”

“பாட்டு இல்ல புள்ள. பாட்டுக்கு முந்தி பேசினது. பதிஞ்ச அன்னைக்கி கெடந்த மாதிரியே இருக்கு. வேற யாரு கொரலுக்கு நான் போவேன்? ஸ்டோர்ல பெரிய தொர கொரல் பதிஞ்சி வச்சிருக்கேனா?”

“நான் பேச மாட்டேன்.”

“ரெண்டு வார்த்த.”

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். அலுமாரி வழியை மறித்தது. அதற்குள் அவர் அமுக்கிவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து, கோயிலின் உள்ளே நிற்கிற மாதிரி, ஒரு பெண் சொன்னாள்: ‘மாஸ்டர், தண்ணி கொஞ்சம் குடிச்சிக்கிறேன்.’

பெற்றீசியா நின்றாள்.

“இப்ப நீ சொல்லு. இங்க, பெட்டிக்கி நடுவுல நின்னு.”

ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால் இருக்கலாம். “மாஸ்டர், தண்ணி கொஞ்சம் குடிச்சிக்கிறேன்.”

மேர்வின் கண்ணை மூடியிருந்தார். “பெட்டியில பானைக்குள்ள பேசுற மாரி இருக்கு. நீ அப்புடி இல்ல.” எழுந்து போய் முதுகில் ஒரு சுவிட்சைத் தட்டினார். மறுபடி போட்டார். மறுபடி அவள் சொன்னாள். இப்போது மெலிந்துவிட்டதாம். சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு பெட்டியையும் சுவரிலிருந்து இன்னும் நாலு விரல் தள்ளினார். தண்ணி கொஞ்சம் குடிச்சிக்கிறேன். வலப்பக்கம் கூடுதலாம். வலது பெட்டியின் குமிழைக் கொஞ்சம் குறைத்தார். தண்ணி கொஞ்சம் குடிச்சிக்கிறேன். பல் சத்தம் கூடுதலாம். அடுத்த சுவிட்ச். தண்ணி கொஞ்சம் குடிச்சிக்கிறேன்.

பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாக்கண்ணு கத்தினாள்: “யாராச்சும் அந்த புள்ளைக்கி ஒரு கெளாசு தண்ணிய குடுங்களேன்ப்பா!”

பெற்றீசியா வாய்விட்டுச் சிரித்தாள். மேர்வினும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசியாக ஒருமுறை அமுக்கினார், அவளும் சொன்னாள். இந்தத் தடவை பெட்டியில் சொன்னது யார், அறையில் சொன்னது யார் என்று பிரிக்க முடியவில்லை. மேர்வின் தொடையில் தட்டினார். “பிடிச்சிட்டேன்! இதுதான். இதுதான் நீ.”

அந்த சந்தோசத்தில் அவர் நிறுத்த மறந்துவிட்டார். தண்ணீர் குடிக்கிற சத்தம் வந்தது. கிளாஸை வைக்கிற சத்தம் வந்தது. மாஸ்டரின் ஹார்மோனியம் ஒருமுறை மூச்சு விட்டது. அந்தப் பெண் பாடத் தொடங்கினாள்.

பெற்றீசியா மேசை விளிம்பில் கையை வைத்தபடி கேட்டாள். குரலுக்கு அடி இருந்தது. நெஞ்சிலிருந்து ஏறி வந்தது. மேலே போகிற இடத்தில் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான் குறை. புள்ளக்காம்பராவில் மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, தன் தலைக்குள் தான் கேட்கிற அதே குரல். ஒரு சரணம் முழுவதும் கேட்டாள்.

“இன்னொண்ண போடுங்க,” என்றாள்.

“எது?”

“குழாய்க்கு குடுத்தீங்களே, அது.”

“இப்ப எதுக்கு அது? விடு.”

“போடுங்க.”

போட்டார். நாலு சொல் வந்ததும் அவரே நிறுத்திவிட்டார். ஆனால் அந்த நாலு சொல் போதும். அதே பெண், அதே மூச்சு. கழுத்துக்குக் கீழே ஆளே இல்லை. பேணியைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

மேர்வின் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். சாதாரணமாகத் தொழிலைப் பற்றி அவர் இவ்வளவு பேச மாட்டார். குழாய் ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் ஆகாது என்றார். கொடுத்தால் உளறும், காற்றில் கரைந்துவிடும், எதிர் மலைக்கு வார்த்தை போய்ச் சேராது. அதனால் அடியை மொத்தமாக வெட்டினார். வார்த்தை தெறிக்க மேலே ஏற்றினார். ஏற்றி ஏற்றிப் பார்த்ததும் கோபுரத்துக் குழாயில்தான். வீட்டில் கேட்க இருந்தது ஒரு ஹெட்போன், அதிலும் ஒரு காது செத்தது.

“குழாய்க்கு அது சரிதான் பெற்றீசியா. மூணு டிவிஷனுக்கும் கேட்டுச்சா இல்லியா? அத போன்ல போட்டுக்கிட்டு திரிவாங்கன்னு நான் கண்டேனா?”

“குழாய்க்கு செஞ்சத நான் பிழை சொல்லல.”

“இப்ப இந்த பெட்டி இருக்கு. ஒரு நாளு வேல. பழசுல இருந்து திரும்ப எடுத்து சரியா செஞ்சி தாறேன். இல்லாட்டி நீ புதுசா பாடு. மைக் வச்சி—”

“பாடுறேன்,” என்றாள். “நாளைக்கி மாஸ்டர்கிட்ட சொல்றேன். கோயில்ல நின்னு பாடுறேன். மைக் வேணாம். அந்தக் கோயிலுக்கு எதுக்கு மைக்கு.”

மேர்வின் தலையாட்டினார். ஆட்டம் தேவைக்குமேல் வேகமாக இருந்தது. கை மேசையில் இருந்த நூலைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

பெற்றீசியா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், அவர் நிற்கச் சொன்ன அதே இடத்தில் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் இலேசாக இருந்திருக்கும். பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டு, பின்னேரம் சோறு ஆக்கியிருக்கலாம். வந்தது கோபமில்லை. ஒரு கணக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நின்றது.

“ஒண்ணு கேக்குறேன். குழாய விடுங்க. போன விடுங்க. பஸ்ல கேட்டுட்டு நான் வந்து ஒங்ககிட்டதானே கேட்டேன், எங்கொரல் அப்புடியான்னு. ஒங்களுக்கு கொரலு பிரிச்சி தெரியும். இப்ப கண்ண மூடிக்கிட்டு, பானைக்குள்ள பேசுற மாரி இருக்கு, நீ அப்புடி இல்லன்னு சொன்னீங்க. பத்து தரம் சொன்னீங்க. இந்த வீட்டுல நான் தெனமும்தானே பேசுறேன். காலையில எந்திரிச்சதுல இருந்து பேசுறேன். ஒம்பது வருசத்துல ஒரு நாளாச்சும், இவ கொரலு இது இல்லியேன்னு ஒங்களுக்கு படலியா?”

மேர்வின் நூலைச் சுற்றி முடித்தார். எழுந்து வலப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே மாற்ற வேண்டிய சுவிட்ச் எதுவும் இல்லை. விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையில் தோளுக்குக் கீழே சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

தகரத்தில் மழையின் முதல் துளிகள் விழுந்தன. அவை பெருக்கும் வரை அவள் காத்து நின்றாள். அந்தச் சத்தத்தில் இனி ஏதாவது சொன்னாலும் கேட்காது. பெற்றீசியா பக்கவாட்டில் திரும்பி, அலுமாரியைத் தாண்டிக் குசினிக்குள் போனாள்.